மகப்பேற்றச்சம் போக்கிய மருத்துவர்

இலண்டன் மாநகரின் கீழ்த்திசையில் வைற்சப்பல் என்னும் பகுதி உண்டு. முதலாம் உலகப் பெரும்போருக்குச் சற்று முந்திய காலத்தில் அது வறியோர் நெருங்கி வாழ்ந்த இடமாக இருந்தது. மழை விடாது பெய்த ஓரிரவில், விடிவதற்கு இன்னும் சில நாழிகை இருக்கையில், மருத்துவம் பயின்றுகொண்டிருந்த இளைஞர் ஒருவர் துவிச்சக்கரவண்டியிற் சேற்றொழுங்கைகளைக் கடந்து, புகையிரதப் பாலத்தை அடுத்திருந்த குடிலொன்றை அடைந்தார். உள்ளே பேறுகாலப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். போர்த்திக்கொள்ள அவளுக்குச் சாக்குகளும் பழைய கரும்பாவாடை ஒன்றுமே இருந்தன. போத்தலொன்றின் வாயிற் செருகிய மெழுகுதிரியே அந்த அறைக்கு ஒளி. உடைந்த சாளரத்தின் வழியே மழைத்தூவானம் உள்ளே வீசிற்று. அயற்பெண் ஒருத்தி நீர் கொணர்ந்து வைத்திருந்தாள். சவர்க்காரமும் துவாயும் அவ்விளைஞர் தம்முடன் கொண்டு சென்றவை.

பிள்ளையின் தலை வெளிப்படும் வேளை அணுகிற்று. இளைஞர் தம் கடமையை நினைந்து, குளோரோபோம் மருந்தைத் துளித்து முகத்தருகே பிடிக்கும் மூடியை எடுத்துக்காட்டி, மயக்கம் தரட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாவென்று மறுத்தாள். அந்த மறுப்பிற் சினமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. ஆரவாரமின்றிப் பிள்ளை பிறந்தது. புறப்படும்பொழுது அவருக்கு மனம் ஆறவில்லை. ஏன் மறுத்தாய் என்று வினவினார். அவள் சிறிது நாணித் தயங்கி, தனக்கு நோகவில்லை என்றாள்; நோகத்தான் வேண்டுமென்று நியதி ஏதும் உண்டோ என்று அவரையே திருப்பிக் கேட்டாள்.

அந்த இளைஞரே பிற்காலத்தில் உலகறிந்த மகப்பேற்று மருத்துவராகிய கிராண்ட்லி டிக் றீட். அன்றிரவு அவரால் விடை கூற முடியவில்லை. அதன்பின் அவர் வாழ்ந்த நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான காலமும் அவ்வொரு வினாவுக்கு விடை தேடிய காலமென்றே சொல்லலாம்.

அந்த மறுப்பு ஏன் வியப்பளித்தது என்பதை உணர, அக்கால மருத்துவத்தின் போக்கைச் சிறிது அறிதல் வேண்டும். 1847ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து மருத்துவர் யேம்ஸ் யங் சிம்சன் பிள்ளைப்பேற்றிற் குளோரோபோமைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1853இல் விக்ரோறியா மகாராணியார் தம் எட்டாவது பிள்ளையாகிய லியோப்போல்ட் பிறந்தபோது அதனை ஏற்றுக்கொண்டார். அரசியார் ஏற்றதை மற்றையோர் விரும்பியது இயல்பே. 1906ஆம் ஆண்டளவில் செருமனியின் பிறைபேர்க் நகரில் மோபின், ஸ்கொப்பொலமின் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை புகழ்பெற்றது. அந்திமயக்கம் என்று அதற்கு அழகிய பெயரும் வைத்தனர். அம்முறையில் நோவு முற்றாக நீங்குவதில்லை. நோவின் நினைவே நீங்கிற்று. பெண் அலறுவாள், திமிறுவாள். விழித்தெழுந்தபின் ஒன்றையும் அறியாள். இத்தகைய காலத்திலே மயக்க மருந்து தருவது இரக்கமெனவும் தராதிருப்பது கொடுமையெனவும் மருத்துவமனைகள் கருதின. அவ்விரக்கத்தை வறிய பெண் ஒருத்தி அமைதியாக வேண்டாவென்றதே றீட்டைத் திகைக்க வைத்தது.

றீட் 1890ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் இங்கிலாந்தின் சபோக் மாவட்டத்துப் பெக்கிள்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மாவாலை நடத்தியவர். எழுவர் பிள்ளைகளுள் இவர் ஆறாமவர். கேம்பிரிட்ஜிற் சென் யோன்ஸ் கல்லூரியிற் பயின்றார். விளையாட்டிலும் குதிரையேற்றத்திலும் வல்லவர். பின்பு வைற்சப்பலில் உள்ள இலண்டன் மருத்துவமனையிற் பயின்று 1914இல் மருத்துவரானார். அவ்வாண்டிலேயே போர் மூண்டது. படை மருத்துவப் பிரிவிற் சேர்ந்து கலிப்பொலிக்குச் சென்றவர் அங்கே கடுங்காயமுற்றார். தேறியபின் பிரான்சிலும் பணிபுரிந்தார். தனிமையும் அச்சமும் கூடும்போது மனிதவுடல் எவ்வாறு இறுகும் என்பதை அவர் ஏட்டில் மாத்திரம் கற்றவரல்லர். பேறுகாலப் பெண்ணைத் தனியே விட்டுச் செல்வது பெருங்கொடுமை என்று பின்னாளில் அவர் ஓயாது எழுதியதைப் படிக்கும்போது, அந்தப் போர்க்களத்து இளைஞரே என் கண்முன் வருகிறார்.

போர் முடிந்து இலண்டன் மருத்துவமனைக்குத் திரும்பிய றீட், பின்னர் சறே மாவட்டத்தின் வோக்கிங் நகரில் மருத்துவத் தொழில் நடத்தினார். அங்கே பிள்ளைப்பேறு பலவற்றைக் கூர்ந்து நோக்கினார். அமைதியாகப் பெற்றவர் யார், அலறிப் பெற்றவர் யார் என்று பிரித்தறிய முயன்றார். உடலமைப்பிற் பெரிய வேற்றுமை இல்லாத இருவருள் ஒருத்தி துன்புறுவதும் மற்றவள் துன்புறாததும் ஏன் என்பதே அவர் ஆராய்ந்த பொருள். அவர் கண்ட விடை அச்சம் என்பது. அஞ்சினவளின் உடல் இறுகும். இறுகிய உடலில் நோவு மிகும். நோவு மிகமிக அச்சமும் வளரும். இம்மூன்றும் ஒன்றையொன்று தள்ளிச் சுழலும் சக்கரத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்துவிட்டால் எஞ்சுவது நோவன்று, கடும் உழைப்பே என்றார். கருப்பையின் நீள்தசைகள் பிள்ளையைத் தள்ளும்போது, அச்சத்தால் வாய்ப்புறத்து வளையத்தசைகள் இறுகி எதிர்த்து நிற்கின்றன என்று அதற்கு உடலியற் காரணமும் காட்டினார். பிற்கால உடலியல் அக்காரணத்தை அவர் கூறிய எளிய வடிவில் ஏற்கவில்லை.

இக்கருத்தை வைத்து 1933ஆம் ஆண்டில் இயற்கை மகப்பேறு என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். இன்று ஆங்கிலத்திற் பலரும் எளிதாக வழங்கும் அத்தொடரை உலகில் நிலைநாட்டியது அந்நூலே.

தமிழாசிரியனாகிய என்னை றீட்டின் வரலாற்றில் மிகவும் ஈர்த்தது அவர் சொற்களோடு நடத்திய போராட்டம். எங்கள் பக்கத்திற் பிள்ளைப்பேறு தொடங்கியதை நோக் கண்டுவிட்டது என்பர். ஆங்கிலேயரும் அவ்வாறே கருப்பையின் ஒவ்வோர் அசைவையும் நோவு என்னும் பெயராலேயே வழங்கிவந்தனர். மருத்துவர் அருகில் வந்து நோவு எத்தனை முறை வந்தது என்று கேட்பார். தாதி நோவு வருகிறதா என்பாள். இதைக் கேட்கும் பெண்ணோ நோவையே எதிர்பார்த்துக் கிடப்பாள். அச்சொல்லை விலக்கிச் சுருக்கம் என்னும் சொல்லை ஆளுமாறு றீட் வற்புறுத்தினார். வெறுஞ்சொல்லில் என்ன இருக்கிறது என்று நகைத்தவர் உண்டு. சொல்லாற் சுடப்பட்டவர் எவரும் அவ்வாறு நகையார்.

இதனினும் ஆழமான சொல்லாராய்ச்சி ஒன்றும் உண்டு. விவிலியத்தின் முதல் நூலிலே, விலக்கப்பட்ட கனியை உண்ட ஏவாளுக்குக் கூறப்பட்ட தண்டனை துன்பத்தோடு பிள்ளை பெறுதல் என்பது. மகப்பேற்று நோவு இறைவன் இட்டது என்னும் எண்ணம் மேலைநாட்டு மக்களின் நெஞ்சில் ஊறியது இதனாலேயே. அங்கே எபிரேய மூலத்தில் நிற்கும் சொல் எற்செவ் என்பது. அதனை அடுத்து ஆதாமின் தண்டனையைக் கூறுமிடத்தில் வருவது அதே வேரிற் பிறந்த சொல். ஆயினும் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் ஆடவன் பங்குக்கு உழைப்பும் பெண்ணின் பங்குக்கு நோவும் வந்து சேர்ந்தன. நீதிமொழிகள் என்னும் பகுதியில் அந்த எற்செவ் என்னும் சொல்லே உழைப்பு என்னும் பொருளில் நன்மொழியாக நிற்கிறது. பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவிய நாவலர் பெருமானின் வழிவந்த நமக்கு, ஒரு வேர்ச்சொல்லை இரு தட்டில் வைக்கும் மொழிபெயர்ப்பாளனின் இடர் தெரியாததன்று. றீட் எபிரேயம் அறிந்தவரல்லர். அறிந்தாரை வினவி இதனைத் தம் நூலில் விரிவாக எழுதினார். பெண்ணுக்கு விதிக்கப்பட்டது உழைப்பே, வேதனையன்று என்பது அவர் வாதம்.

இவ்வாதம் புதிதன்று என்பதுதான் வியப்பு. குளோரோபோமைக் கொணர்ந்த சிம்சனும் 1847இல், நோவை நீக்குதல் சமயத்திற்கு மாறானது என்போருக்கு மறுப்பாக ஒரு சிறுநூல் எழுதியபோது, இதே எபிரேயச் சொல்லை எடுத்து, அது தசைகளின் உழைப்பைக் குறிப்பதேயன்றி நோவைக் குறிப்பதன்று என்று நிறுவ முயன்றிருந்தார். மருந்து கொடுக்கலாம் என்பதற்குச் சான்றாக ஒருவரும், மருந்து வேண்டியதில்லை என்பதற்குச் சான்றாக மற்றவரும் ஏறக்குறைய எண்பது தொண்ணூறு ஆண்டு இடைவெளியில் ஒரே சொல்லைப் பற்றி நின்றனர். உரையாசிரியர்களிடையே இத்தகைய வேடிக்கையை நாம் கண்டதில்லையா!

றீட்டின் முறையை மருந்து மறுக்கும் முறை என்று கருதுவோர் உளர். அது தவறு. கருவுற்ற பெண்ணுக்கு முதலில் அவள் உடலைப் பற்றிய அறிவைப் புகட்டினார். உள்ளே நிகழ்வது இன்னதென்று அறியாதவளே அதிகம் அஞ்சுகிறாள் என்பது அவர் கண்டது. அடுத்து மூச்சை ஒழுங்குபடுத்தவும் உடலைத் தளர்த்திக் கிடக்கவும் பழக்கினார். பேறுகாலத்தில் அவளைத் தனியே விடாது ஒருவர் உடனிருக்கச் செய்தார். மயக்க மருந்தோ அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்றார்; நோவுற்றுக் கேட்பவளுக்கு மறுப்பதை அவர் ஒப்பவில்லை. மருந்தின்றிப் பெறுவது பெண் தானே தெரிந்துகொள்ளும் வழியாகலாம்; அவள்மீது சுமத்தப்படும் நோன்பாகலாகாது. வைற்சப்பலிலும் மருந்து நீட்டப்பட்டது, மறுத்தவள் அவளே. அவரைப் பின்பற்றியவர் சிலர் இந்த நுட்பத்தை மறந்தனர். மருந்து கேட்ட பெண் தோற்றவள் போல நாணும்படி நேர்ந்ததும் உண்டு.

சக மருத்துவர் பலர் அவரை எள்ளினர். அவர்களுடைய எதிர்ப்பு முழுவதையும் அறியாமை என்று தள்ளுவதும் நேர்மையன்று. 1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 1000 பேறுகளுக்கு 4 தாய்மாருக்கு மேல் இறந்தனர். பேற்றுக் காய்ச்சலும் குருதிப்பெருக்கும் செல்வர் வறியர் என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு தெருவிலும் தாயற்ற வீடு ஒன்று இருந்த காலத்தில், பெண்ணின் அச்சம் பாட்டிமார் கதையால் மாத்திரம் வந்ததென்று கூறினால் யார் ஏற்பர்? 1930களின் நடுப்பகுதியில் வந்த சல்பா மருந்துகளும், பின்னர் பெனிசிலினும் குருதியேற்றலும் சேர்ந்தே அந்த இறப்பைத் தணித்தன. மூச்சுப் பயிற்சியால் அது தணியவில்லை. அச்சத்திற் பாதி கற்பனை, பாதி கண்முன் கண்ட உண்மை. றீட் முதற்பாதியையே மிகுதியும் பேசினார்.

1942இல், உலகப்போரின் நடுவே, அவருடைய இரண்டாம் பெருநூல் வெளிவந்தது. 1944இல் அது அமெரிக்காவில் அச்சமற்ற மகப்பேறு என்னும் கருத்துடைய பெயருடன் பதிப்பிக்கப்பட்டபோதே பெரும்புகழ் எய்திற்று. மருத்துவர் ஏற்காத நூலைத் தாய்மார் ஏற்றனர். பல நாடுகளிலிருந்தும் பெண்கள் அவருக்கு ஆயிரக்கணக்கில் மடல் எழுதினர். தம் பேற்றைப் பற்றித் தாமே எழுதிய அம்மடல்களை அவர் பேணி வைத்திருந்தார். பெண்ணின் வாய்மொழியைச் சான்றாகக் கொண்டு ஒரு மருத்துவக் கொள்கையை எழுப்பியது அந்நாளிற் புதுமை.

1948இல் அவர் இங்கிலாந்தை விட்டுத் தென்னாபிரிக்கா சென்று ஜொகன்னஸ்பேர்க்கில் வாழ்ந்தார். அங்கிருந்து திரும்புமுன் குடும்பத்தோடு ஆபிரிக்காவின் உட்பகுதிகளிற் பயணஞ்செய்து, ஊர்ப்பெண்களின் பிள்ளைப்பேற்றைப் பார்த்துக் குறித்தார். அப்பயணத்தை 1955இல் நூலாக்கினார். இங்கேதான் அவரிடம் எனக்குப் பெரும் மனவேறுபாடு உண்டு. நாகரிகம் தீண்டாத பெண் வேலைக்கிடையே புதருள் ஒதுங்கிப் பிள்ளையைப் பெற்றெடுத்துக்கொண்டு மறுபடி வேலைக்குச் செல்வாள் என்னும் சித்திரத்தை அவர் முன்னமே மனத்தில் வரைந்து வைத்திருந்தார். அவ்வாறு சென்றவளைக் கண்டவர், திரும்பி வராதவளை எங்ஙனம் காண்பார்? ஆபிரிக்கப் பெண்ணும் அஞ்சினாள், நொந்தாள், இறந்தாள். அவளை இயற்கையின் குழந்தையென்று புகழ்வது, அவளுக்கு மருத்துவம் வேண்டியதில்லை என்று முடியும் ஆபத்துடையது. படித்த மேற்குடிப் பெண்கள் பிள்ளை பெறாதொழிந்தால் இங்கிலாந்து தாழ்ந்துவிடும் என்ற கவலையும், தாய்மையே பெண்ணின் முழுப்பயன் என்ற எண்ணமும் அவருடைய எழுத்திற் கலந்திருந்தன. குடும்பத்தின் மேன்மையை ஓயாது பாடிய அவருடைய முதல் மணவாழ்க்கையோ முறிந்தது. 1952இல் இரண்டாம் முறை மணந்தார்.

அக்காலத்திலேயே மற்றொரு நெறியும் பரவிற்று. பிரெஞ்சு மருத்துவர் பேர்னாண்ட் லமாஸ் 1951இற் சோவியத் நாட்டுக்குச் சென்று, பவ்லோவின் கொள்கையைத் தழுவிய பேற்றுப் பயிற்சியைக் கண்டு, அதனைப் பரிசிற் புகுத்தினார். அவர் தம் நூலுக்கு இட்ட பெயர் நோவற்ற மகப்பேறு என்று பொருள்படும். றீட்டின் நூற்பெயரோ அச்சமற்ற மகப்பேறு. இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமை சிறிதன்று. கனடா நாட்டு அறிஞர் றொனால்ட் மெல்சாக் 1980களில் ஆராய்ந்து, மகப்பேற்று நோவு பெரும்பாலாருக்குக் கடியது என்றும், முன்பயிற்சி அதனைச் சற்றுக் குறைக்குமேயன்றி ஒழிக்காது என்றும் கண்டார். நோவற்றது என்ற பெயர் அந்த ஆராய்ச்சியின் முன் நிற்கவில்லை. அச்சமற்றது என்ற பெயர் நின்றது. 1956 சனவரி 8ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், இத்தகைய பயிற்சி முறைகள் கிறித்தவ ஒழுக்கத்திற்கு மாறானவையல்ல என்று மருத்துவர் அவையில் உரைத்தார். எற்செவ் என்னும் சொல்லின் வழக்கு ஒருவாறு அத்துடன் தீர்ந்ததெனலாம்.

அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் தாய்மார் சேர்ந்து இயற்கை மகப்பேற்றுச் சங்கம் ஒன்றை நிறுவி றீட்டைத் தலைவராக்கினர். மருத்துவர் கழகங்கள் அளிக்காத இருக்கையைப் பெற்றவர்கள் அளித்தார்கள். 1957இல் ஒரு பேற்றின் ஒலிகளையே இசைத்தட்டிற் பதிவுசெய்து வெளியிட்டார். பேறென்றால் அலறல் என்று கேள்வியால் மாத்திரம் அறிந்திருந்த பெண்கள், தாயின் மூச்சையும் பேச்சையும் பிள்ளையின் முதற்குரலையும் காதாற் கேட்டறியட்டும் என்பது அவர் எண்ணம். 1959 யூன் 11ஆம் நாள் நோபோக் மாவட்டத்து றொக்ஸமில், 69 வயதிற் காலமானார்.

அவர் கூறியவற்றுள் வளையத்தசை பற்றிய விளக்கம் தளர்ந்தது. புதருள் ஒதுங்கும் பெண்ணின் சித்திரமும் மங்கிற்று. பேறுகாலப் பெண்ணுக்கு இடையறாத துணை வேண்டும் என்ற ஒன்றோ நாளுக்கு நாள் வலுப்பெற்றது. 2017இல் வெளியான பேராய்வு ஒன்று, 15,000 பெண்களுக்கு மேல் பங்குபற்றிய 26 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. தொடர்ந்து ஒருவர் துணையிருக்கப் பெற்ற பெண்கள் இயல்பாகப் பிள்ளை பெறுதல் கூடுதலென்றும், நோவுமருந்தை நாடுதல் குறைவென்றும் அதிற் கண்டனர். பெண் தான் விரும்பும் ஒருவரை உடன்வைத்துக்கொள்ள வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018இற் பரிந்துரைத்தது.

என் மூத்த மகள் பிறந்த இரவில் வைத்தியசாலையொன்றின் வெளி விறாந்தையில் விடியும்வரை நின்றேன். உள்ளே என் மனைவி ஏறக்குறைய அவ்வளவு நேரமும் தனித்தே கிடந்தாள் என்பதை மறுநாட்காலையில்தான் அறிந்தேன். மருந்து கிடைக்காததை அவள் என்றும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. பக்கத்தில் ஆளில்லாததை இன்றும் சொல்வாள். அந்த மகளுக்கே பேறுகாலம் வந்தபோது, மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும் என்றாள். தான் மட்டும் முதல்நாள் மாலையிலேயே பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் புறப்பட்டாள்.